அஞ்சலைக்கு எட்டு மாசம்

கடலூரைச் சுற்றியிருக்கிற ஏதாவது ஓர் ஊராட்சியில் நூறு நாள் வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கும்போது பக்கத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். பச்சையம்மாள், பூங்காவனம், அஞ்சலை, செங்கேணி, முத்தாலு, காசியம்மாள், மறுபடி அஞ்சலை, பட்டம்மாள். வெறும் அஞ்சலை என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்தே கூப்பிடுவார்கள். கேட்டுவிட்டு அப்படியே அந்த ஊர் அங்கன்வாடிக்கு வாருங்கள். தன்ஷிகா, யாஷிகா, ஹன்சிகாஸ்ரீ, நிவிக்ஷா, லக்ஷிதா. ஏரிக்கரையில் மண் வெட்டுகிற ஆயாக்களின் பேத்திகள்தான் இவர்கள். அந்தப் பட்டியலிலிருந்து ஒரு பெயர்கூட இந்தப் பட்டியலுக்கு வந்து சேரவில்லை.

பழைய பெயர்களுக்கு மறுபடி மவுசு வந்துவிட்டது என்கிறார்கள். வந்திருக்கிறது, நானும் பார்க்கிறேன். சென்னையில் வேலை பார்க்கும் என் தோழிகள் தங்கள் பெண்களுக்கு ஜானகி, மைதிலி, மீனாட்சி, காவேரி என்று வைத்திருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திரும்பி வருகிற பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். ஊஞ்சலும் வெண்கல விளக்கும் இருந்த வீடுகளில் புழங்கிய பெயர்கள்தான் வருகின்றன. களை பறித்தவள், மீன் கூடை சுமந்தவள், சித்தாள் வேலைக்குப் போனவள் பெயரெல்லாம் போனது போனதுதான். பழசு என்பதற்காக மட்டும் ஒரு பெயரை யாரும் ஒதுக்குவதில்லை. அந்தப் பெயரோடு வருகிற கைகளை நினைத்துத்தான் ஒதுக்குகிறார்கள்.

என் மகளுக்கு அஞ்சலை என்று பெயர். முன்னாலும் பின்னாலும் எதுவும் கிடையாது. அஞ்சலைஸ்ரீ கிடையாது, அஞ்சலிகா கிடையாது. இதற்காக வீட்டில் நடந்த ரகளையைத்தான் எழுதப் போகிறேன்.

பெயர் என் கணவரின் ஆயாவுடையது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைத்தவர். கொட்டைக்குள் இருக்கிற எண்ணெய் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன அவர் விரல்களை எங்கள் கல்யாண ஆல்பத்திலேயே பார்க்கலாம். போட்டோக்காரர் எவ்வளவோ வெளிச்சம் கொடுத்தும் அந்தக் கறுப்பை ஒன்றும் செய்ய முடியவில்லை. என் கணவரை வளர்த்தது அவர்தான். எனக்கு அவரோடு பழக்கம் குறைவு. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே போய்விட்டார். ஆகவே பாசத்தால் உருகி இந்தப் பெயரை வைத்தேன் என்று சொன்னால் பொய். எனக்கு அந்தப் பெயரின் சத்தம் பிடித்திருந்தது. மூன்றே எழுத்தைத் தாண்டிக் கொஞ்சம் நீளுகிற பெயர், தெருமுனையில் நின்று கூப்பிட்டால் வீட்டுக்குள் இருப்பவளுக்குக் கேட்கிற பெயர்.

குழந்தை பிறந்தது கார்த்திகை நட்சத்திரம், முதல் பாதம். அதற்கு 'அ' எழுத்து என்று ஜோதிடர் சொல்லிவிட்டார். அடுத்த நாளே ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பட்டியல் வந்தது. அன்விதா, அதிதி, அனன்யா, அக்ஷரா, அத்விகா. நாத்தனார் போனில் பார்த்துப் பார்த்து வாசித்தார். எல்லாம் முடிந்த பிறகு, "அஞ்சலையும் 'அ'தானே?" என்றேன். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நாத்தனார் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். ஜாதகம் பார்க்கிறவர்களுக்கு ஜாதகத்தாலேயே பதில் சொல்லிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

நாத்தனார் வீட்டுக்காரர் எண்கணிதம் பார்ப்பவர். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, நடுவில் ஒரு 'எச்' சேர்த்தால் நல்ல எண் வருகிறது என்றார். தமிழ்ப் பெண்ணுக்குத் தமிழில் வைக்கிற பெயரின் ராசி ஆங்கில ஸ்பெல்லிங்கில் உட்கார்ந்திருக்கிறது என்பதை இவர்கள் எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவர் நல்ல மனிதர். விட்டுவிடலாம்.

சண்டை போட அவகாசம் நிறைய இருந்தது. பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிட வேண்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. ஆனால் பெயர் இல்லாமலேயே பதிவு செய்யலாம். 12 மாதத்துக்குள் போய்ப் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகும் 15 வருடம் வரை கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். முன்பெல்லாம் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பள்ளியில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். சட்டத்தைத் திருத்தி, 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம், ஓட்டு, லைசென்ஸ், ஆதார் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று ஆக்கியபிறகு அந்தக் காகிதத்தின் மேல் எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. "எழுதிட்டா அழிக்க முடியாதும்மா, யோசிச்சுக்க" என்று எனக்கு அறிவுரை சொல்லாத ஆள் இல்லை.

என் மாமியாரின் எதிர்ப்புதான் நான் எதிர்பாராதது. பெயர் கவுரவமாக இல்லை என்று சொல்வார் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு.

"எம்மாடி, வேற என்ன பேரு வேணா வையி. அந்தப் பேர நான் எப்பிடிக் கூப்புடறது? எங்க மாமியா பேரு."

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது சரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிற பிள்ளையைப் பார்த்து, "நீ சொல்றா" என்பாராம். இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 'அஞ்சு' என்ற எண்ணையே அவர் சொல்வதில்லை. மார்க்கெட்டில் "நாலு ரூவாயும் ஒரு ரூவாயும்" என்று கேட்டிருக்கிறார். அஞ்சறைப் பெட்டி எங்கள் வீட்டில் "கடுகு டப்பா". கல்யாணமாகி வந்த புதிதில் நான் இதைக் கவனித்திருக்கிறேன். ஏதோ ஊர்ப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் மருமகள் நாலும் ஒன்றும்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஆயா லேசுப்பட்டவர் இல்லை. வேலைக்குப் போகும்போது சோற்றுப் பானையில் கோடு கிழித்து வைத்துவிட்டுப் போவாராம். மருமகள் வைத்த குழம்பை ஒருநாளும் வாய் நிறையப் பாராட்டியதில்லையாம். பேரனுக்கு அவர் தெய்வம். மருமகளுக்கு எப்படியிருந்திருப்பார் என்று என் கணவர் யோசித்ததாகத் தெரியவில்லை. இந்தப் பேச்சு வருகிற போதெல்லாம் அவர் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார்.

முன்னோர் பெயரை வைத்தால் அவர்களே வந்து பிறந்ததாகக் கொண்டாடுகிற வழக்கத்தில் இந்தச் சிக்கலும் சேர்ந்தேதான் வருகிறது. நம் வீடுகளில் மாமியார் பெயர் கொண்ட பிள்ளையை அம்மாக்காரி பெயர் சொல்லித் திட்ட முடியாது. அதனால்தான் சான்றிதழில் ஒரு பெயர், வீட்டில் பாப்பா, குட்டி, அம்மாளு, பட்டு என்று இன்னொரு பெயர். மாமனார் நடுவில் வந்து சமரசம் பேசினார். "செங்கமலம்னு வைங்களேன், திருவந்திபுரம் தாயார் பேரு. பழசும் ஆச்சு, சாமி பேரும் ஆச்சு." எங்கள் வீட்டுக் கல்யாணங்கள் எல்லாம் திருவந்திபுரம் மலையடியில்தான் நடக்கும். செங்கமலம் எனக்கும் பிடித்த பெயர்தான். ஒரு வாரம் தடுமாறினேன். ஆனால் சாமி பெயர் என்றதும் எல்லோரும் மூச்சு விட்டதைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ முறுக்கிக்கொண்டது.

என் அம்மா வேறு ரகம். தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பிறந்தபோது வைத்த பெயர் பச்சையம்மாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று தலைமையாசிரியர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னய்யா பேரு இது" என்று தாத்தாவிடம் சொல்லிவிட்டு வேறொரு பெயரை எழுதிக்கொண்டார். பிறந்த தேதியும் அன்றைக்கு அவர் வைத்ததுதான். அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு இந்தக் கதை இருக்கும். அம்மாவுக்கு இதில் வருத்தமே கிடையாது. அந்த வாத்தியார் இருந்திருந்தால் இன்றைக்கும் காலில் விழுவார்.

"நீ படிச்சுட்ட, வேலைக்குப் போயிட்ட, அதனால ஒனக்கு இது வெளையாட்டா இருக்கு," என்றார் அம்மா. "பேரப் பாத்தே புள்ளைய எங்க ஒக்கார வெக்கிறதுன்னு முடிவு பண்ணுற வாத்தியாருங்கள நான் பாத்திருக்கேன். கூடவே வேலை பாத்திருக்கேன்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்புகள் வரும், பார்த்திருப்பீர்கள். பக்கம் பக்கமாக. இன்ன பெயர் கொண்ட நான் இனி இன்ன பெயரால் அழைக்கப்படுவேன் என்று. நான் புரட்டிய பக்கங்களில் பிச்சையம்மாள் வேறு யாரோ ஆகிறாள், குப்பம்மாள் வேறு யாரோ ஆகிறாள். யாரும் குப்பம்மாளாக மாறவில்லை. காசு கட்டி, கையெழுத்து வாங்கி, அலைந்து திரிந்து அந்தப் பெயர்களைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பழைய பெயரின் அழகைப் பற்றிப் பேசினால் அடிக்க வருவார்கள். வரவும் வேண்டும்.

எல்லாப் பழைய பெயரையும் தூக்கிவந்து வைக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. குப்பு, பிச்சை என்பதெல்லாம் முன்பு பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீடுகளில், இதையாவது எமன் விட்டு வைக்கட்டும் என்று குப்பையில் கிடத்தி எடுத்தும் பிச்சையாகக் கேட்டு வாங்கியும் வைத்த பெயர்கள். அதில் ஒரு தாயின் பயம் இருக்கிறது. எனக்கு மரியாதை உண்டு. போதும்பொண்ணு, வேண்டாம் என்று வைத்தார்களே, அதில் என்ன இருக்கிறது? அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று ஒரு சிசுவின் நெற்றியில் ஒட்டிய நோட்டீஸ் அது. அந்தப் பெயர்கள் ஒழிந்துபோகட்டும், நல்லது.

பாமரப் பெயர் என்று இப்போது நாம் நினைப்பவை எல்லாம் எப்போதும் பாமரருடையதாகவே இருந்தவையும் அல்ல. பக்கத்தில் இருக்கிற புதுச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு கவர்னர் டூப்ளெக்சுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736இலிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர், கப்பல் சரக்கும் அரண்மனை போன்ற வீடுமாக வாழ்ந்தவர். அவர் மகள்களில் ஒருத்திக்குப் பெயர் பாப்பாள். ஊரே திரண்டு வந்த வீட்டுப் பெண்ணுக்குப் பாப்பாள் போதுமானதாக இருந்திருக்கிறது. இடையில் எப்போதோ பெரிய வீடுகள் நகர்ந்து போய்விட்டன, பெயர் மட்டும் குடிசையில் தங்கிவிட்டது.

இப்போது கடலூரின் பெரிய அஞ்சலைக்கு வருகிறேன். பெயரைச் சொன்னதும் இளவட்டங்கள் ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுப்பார்கள், பெரியவர்கள் "ஓ, தியாகி அஞ்சலையம்மாள் பேரா?" என்பார்கள். 1890இல் முதுநகரில் பிறந்தவர். 1927இல் சென்னையில் நீல் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்துக்கு இங்கிருந்து போய்ச் சிறை புகுந்தார். 1857 கிளர்ச்சியின்போது ஈவிரக்கமில்லாமல் ஆட்களைக் கொன்று குவித்த வெள்ளைக்காரத் தளபதிக்கு மவுண்ட் ரோட்டில் சிலை. அதை எதிர்த்த போராட்டத்தில் அவருடைய சின்ன வயது மகளும் சேர்ந்து சிறைக்குப் போனாள். அந்தச் சிறுமியின் பெயர் அம்மாக்கண்ணு. வேலூர்ச் சிறையில் இருந்தபோது அஞ்சலையம்மாள் கர்ப்பிணி. பிரசவத்துக்கு வெளியே விட்டார்கள். பெற்றெடுத்துக் கைக்குழந்தையோடு திரும்பிப் போனார். பிள்ளைக்கு 'ஜெயில்வீரன்' என்று பெயர் வைத்தார். அது பிறகு ஜெயவீரன் ஆனது. 1934இல் காந்தி கடலூருக்கு வந்தபோது இவரைச் சந்திக்கக் கூடாது என்று அரசு தடை போட்டது. பர்தா போட்டுக்கொண்டு குதிரை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1937இல் சட்டமன்றத்துக்குப் போனார். தீர்த்தாம்பாளையத்தின் தண்ணீர்க் கஷ்டத்துக்காக இவர் முயற்சியில் வந்த வாய்க்காலை இன்றும் அஞ்சலை வாய்க்கால் என்கிறார்கள்.

இவ்வளவும் எனக்குப் பெருமைதான். ஆனால் இதில் பெயர்கள் என்ன ஆயின என்று பாருங்கள். காந்தி அம்மாக்கண்ணுவை வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துப் போய்ப் படிக்க வைத்தார். அவளுக்கு லீலாவதி என்று பெயரும் மாற்றினார். அஞ்சலையம்மாளைத் தென்னாட்டு ஜான்சி ராணி என்றார். இரண்டும் அன்பால் செய்தவை, சந்தேகமில்லை. இருந்தாலும் சிறைக்குப் போனவள் அம்மாக்கண்ணு, ஆசிரமத்தில் படித்தவள் லீலாவதி. குதிரை வண்டியில் வந்தது அஞ்சலை, வரலாற்றுக்குக் கிடைத்தது இன்னொரு ஊர் ராணியின் பெயர். பாரதி புதுச்சேரியில் இருந்த காலத்தில் அவர் வீட்டில் வேலை செய்தவர் பெயரும் அம்மாக்கண்ணுதான். பாரதி பாடல்களில் 'அம்மாக்கண்ணு பாட்டு' என்ற தலைப்பு மாறாமல் அப்படியே நிற்கிறது. எனக்கு அது ஏனோ ஆறுதலாக இருக்கும்.

2024இல் விக்கிரவாண்டியில் ஒரு புதுக் கட்சி மாநாடு நடத்தியபோது அஞ்சலையம்மாளுக்குப் பெரிய கட்-அவுட் வைத்தார்கள். அதிலிருந்து எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. யாராவது முகம் சுளித்தால், "தியாகி பேருங்க" என்றால் போதும். "ஓஹோ, அப்ப சரி" என்று முகம் மாறிவிடும். நானும் அந்தச் சலுகையைப் பயன்படுத்தியிருக்கிறேன், குறிப்பாக அலுவலகத்தில். சொல்லிவிட்டு வரும்போது முந்திரிக்கொட்டை உடைத்த ஆயா பெயர் என்று ஏன் சொல்லவில்லை என்று மனசு கேட்கும். கட்-அவுட் இல்லாத அஞ்சலைகளுக்காகத்தானே இவ்வளவு வீம்பு.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாவும் ஓர் அஞ்சலை. தேவனாம்பட்டினத்திலிருந்து வருவார். கூடையை இறக்கிவைத்துவிட்டுக் குழந்தையைக் கொஞ்சினார். பெயரைக் கேட்டார். சொன்னதும் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஏம்மா, வேற பேரே கெடைக்கலியா?" என்றார். "எங்காளுங்களே இப்ப இந்தப் பேர வெக்கிறதில்ல. எம் பேத்திக்கு தனுஸ்ரீ வெச்சிருக்கோம்."

சொல்லிவிட்டுச் சங்கராவைச் செதில் எடுக்க ஆரம்பித்துவிட்டார். அவரிடம் நான் எதுவும் விளக்கவில்லை. என் பெண்ணுக்கு அஞ்சலை என்ற பெயரால் எந்தக் கதவும் சாத்தப்படாது. அப்பாவும் அம்மாவும் மாதச் சம்பளம் வாங்குகிற வீடு. தனுஸ்ரீக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அவள் ஆயா செய்தது சரிதான். அதே காரணத்தால்தான் இந்தப் பெயரை எங்களைப் போன்றவர்கள் வைக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது. அவர்களால் முடியாது, நம்மால் முடியும். முடிகிறவர்கள் எல்லோரும் ஜானகியையும் மைதிலியையும் தேடிப் போனால் அஞ்சலை என்றால் மீன்காரிதான் என்பது என்றைக்கு மாறும்?

பெயர் சூட்டுகிற அன்று புதுச்சேரியிலிருந்து கணவரின் அத்தை வீட்டார் வந்திருந்தார்கள். அத்தை வீட்டுக்காரர் சொல்தா குடும்பம்; பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த அப்பாவின் பென்ஷனில் வளர்ந்தவர். பெயர் விஷயத்தில் எதற்கும் அசராத மனிதர். 1881இல் வந்த பிரெஞ்சு ஆணைப்படி தங்கள் பழைய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் எடுக்க வேண்டியிருந்தது. பொன்னுத்தம்பிப் பிள்ளை அப்படித்தான் லபோர்த் ஆனார். அந்த ஊரில் பிறந்தவருக்கு அஞ்சலை ஒரு விஷயமா? தம் பாட்டியின் பெயர்கூடப் பழைய பிரெஞ்சுப் பதிவேட்டில் 'அம்மாள்' என்பதற்கு இரண்டு 'எல்'லும் கடைசியில் ஓர் 'ஈ'யும் போட்டு, ஏதோ பாரிஸ் சீமாட்டி மாதிரி எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். அஞ்சலையைப் பிரெஞ்சில் எப்படி எழுதுவது என்று ஒரு பேப்பரில் எழுதியும் காட்டினார். எண்கணித மாப்பிள்ளை உடனே அதையும் கூட்டிப் பார்த்தார். நல்ல எண் வந்துவிட்டதாம்.

குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். நாத்தனார்தான் சொன்னார். அத்தைக்காரி இல்லையா, அவர் உரிமை. அந்த நேரம் மாமியார் சமையல்கட்டுக்குள் போய்விட்டார்.

இன்றுவரை பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை. வழி மட்டும் கண்டுபிடித்துவிட்டார். பேத்தியை 'அத்தே' என்று கூப்பிடுகிறார். வாங்க, போங்க என்று முழு மரியாதையோடு. "அத்தே, எந்திரிச்சிட்டீங்களா", "அத்தே, குளிக்கப் போலாமா." எட்டு மாதக் குழந்தை இதற்கெல்லாம் தலையைத் தூக்கிக் கம்பீரமாகப் பார்க்கும். முந்தாநாள் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நாலு வாய் வாங்கிக்கொண்டு அடுத்த வாயைத் தூ என்று அவர் முகத்திலேயே துப்பினாள்.

"நான் ஆக்குனது ஒங்களுக்கு என்னிக்குத்தான் புடிச்சிருக்கு?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாயத் தொறங்க" என்று அடுத்த கரண்டியைக் கொண்டுபோனார்.